வெட்டுக்குத் தப்பிய செடி

பக்கத்து வீட்டுப் பெண் கையில் ஒரு பிளாஸ்டிக் அட்டையோடு வந்து நின்றாள். செடி வாங்கும்போது தொட்டியில் செருகியிருப்பார்களே, அந்த அட்டை.

“அக்கா, இதைப் படிங்க. வசந்தம், கோடை, இலையுதிர் காலம்னு மூணு தடவை பூக்கும்னு போட்டிருக்கான். போன ஏப்ரல்ல ஏழு செடி வெச்சேன். வாங்கிட்டு வந்தப்ப இருந்த பூ கொட்டினதோட சரி. எதிர் வீட்டுல பாருங்க, எந்தக் காலத்துச் செடியோ, ஒருத்தரும் தண்ணிகூட ஊத்துறதில்ல. இலையே தெரியாம பூத்துக் கிடக்கு.”

ஏப்ரல் இரண்டாம் வாரம். அட்லாண்டாவுக்கு வடக்கே, ஆல்ஃபரெட்டாவில் எங்கள் தெரு. இந்த மாதத்தில் ஜார்ஜியாவில் எங்கே திரும்பினாலும் அசேலியாதான். வெள்ளை, இளஞ்சிவப்பு, கத்தரிப்பூ நிறம் என்று வேலியோரமெல்லாம் நுரைத்துக்கொண்டு நிற்கும். அவள் வீட்டு வாசல் மட்டும் பச்சையாகவே இருந்தால் எரிச்சல் வராதா?

“உள்ள வா. டீ குடிச்சுட்டுப் போய்ப் பார்ப்போம்” என்றேன். அவள் குன்னூர்க்காரி. அப்பா தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்த்தவர். டீ விஷயத்தில் அவளை ஏமாற்ற முடியாது. ஆனால் தேயிலையைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அசேலியாவை விளக்குவது சுலபம். இரண்டும் ஒரே மாதிரி மண் கேட்பவை. இரண்டுக்குமே கவாத்து உண்டு.

அசேலியா வளர்க்க நூறு விதிகள் சொல்வார்கள். எனக்கு இந்த ஊரில் இருபது வருஷமாகிறது. என்னைக் கேட்டால் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தால் போதும் என்பேன். மொட்டு எப்போது கட்டுகிறது?

எதிர் வீட்டுச் செடியையே எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச், ஏப்ரலில் பூக்கிறது. பூ உதிர்ந்ததும் புதுத் துளிர் விடுகிறது. கோடையில் அந்தத் துளிர் முற்றும்போது அதன் நுனியில் அடுத்த வருஷத்துப் பூவுக்கான மொட்டு உருவாகிவிடும். கண்ணுக்குத் தெரியாத அளவில் ஆரம்பித்து, இலை உதிரும் காலத்துக்குள் அரிசி மணி போலத் திரண்டு நிற்கும். பிறகு குளிர் முழுக்க அது தூங்கும். அந்தக் குளிரை அனுபவித்தால்தான் உறக்கம் கலைந்து வசந்தத்தில் விரியும். இன்றைக்கு நாம் பார்க்கிற பூ போன ஆடியில் கருக்கொண்டது.

“மாமரம் மாதிரி” என்றாள்.

அதேதான். மாமரத்தில் முன்பே விட்டு, நன்றாக முற்றிய கிளையின் நுனியில்தான் பூங்கொத்து வரும். அதனால்தான் காய் பறித்த கையோடு கவாத்து செய்துவிட வேண்டும் என்பார்கள். தள்ளிப்போட்டு வெட்டினால் அடுத்த வருஷக் காய்ப்பையும் சேர்த்து வெட்டுகிறோம் என்று அர்த்தம். மல்லி இதற்கு நேர் எதிர். எங்கள் மதுரைப் பக்கம் நவம்பர் கடைசியில் மல்லிச் செடியை முழங்கால் உயரத்துக்கு ஒட்ட வெட்டிவிடுவார்கள். பார்க்கப் பாவமாக இருக்கும். ஆனால் மல்லி பூப்பது புதுத் துளிரில். வெட்ட வெட்டத் துளிர், துளிருக்குத் துளிர் அரும்பு.

இப்போது அவள் வாங்கி வந்த செடிக்கு வருவோம். அது மாவும் மல்லியும் ஒரே உடம்பில் குடியிருக்கிற ஜாதி. போன வருஷக் கிளை நுனியில் கட்டிய மொட்டு வசந்தத்தில் விரியும். அது முடிந்ததும் வரும் புதுத் துளிரிலும் கோடையிலேயே மொட்டு கட்டும். அந்த மொட்டுகளில் பல குளிருக்குக் காத்திருக்காமல் அந்த வருஷமே திறந்துவிடும். ஜூலை, ஆகஸ்டில் தொடங்கி பனி விழும்வரை விட்டு விட்டுப் பூக்கும். மிச்சம் இருப்பவை அடுத்த வசந்தத்துக்கு.

இப்படியொரு பொறுமையில்லாத செடி எங்கிருந்து வந்தது என்பது ஒரு தனிக் கதை. தைவான் தீவில் ஒரு காட்டு அசேலியா உண்டு. இலையிலும் தண்டிலும் செம்பழுப்பு நிறத்தில் மயிர் அடர்ந்திருக்கும், பூ செங்கல் சிவப்பு. ரோடோடென்ட்ரான் ஓல்டமீ என்று பெயர். லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்துக்காகச் செடி சேகரிக்கப் போன ரிச்சர்ட் ஓல்டம் என்ற இளைஞரின் பெயரால் வந்தது. அவர் தைவானில் செடி சேகரித்தது 1864இல். அந்த வருஷமே சீனாவின் அமோய் துறைமுகத்தில் இறந்துபோனார். முப்பது வயதுகூட ஆகவில்லை. அந்தக் காட்டுச் செடியின் விசேஷம், அது கோடையிலும் பூக்கும் என்பது. அதில் ஒரு ரகத்துக்கு அமெரிக்காவில் ‘ஃபோர்த் ஆஃப் ஜூலை’ என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

லூயிசியானாவில் நாற்றங்கால் நடத்திய பட்டி லீ 1980களில் இந்தத் தைவான் செடியை அமெரிக்கத் தெற்கின் வழக்கமான வசந்த அசேலியாக்களோடு கலப்பு செய்யத் தொடங்கினார். ஆயிரக்கணக்கில் நாற்று முளைக்கவைத்து, திரும்பத் திரும்பப் பூப்பவற்றை மட்டும் பொறுக்கி எடுத்தார். அவருடைய ஊரின் பெயர் இண்டிபெண்டன்ஸ். சுதந்திரம் என்ற ஊரில், சுதந்திர தினத்தின் பெயர் கொண்ட செடி. கதை எழுதுகிறவன் இப்படிப் பெயர் வைத்தால் நம்பமாட்டோம். 1990களின் இறுதியில் அவை ‘என்கோர்’ என்ற பெயரில் சந்தைக்கு வந்தன. கச்சேரியில் இன்னொரு முறை பாடு என்று கேட்பார்களே, அந்தச் சொல். இன்று முப்பதுக்கு மேல் ரகங்கள். ‘புளூம்-எ-தான்’ போன்ற போட்டி வகைகளும் உண்டு. என்கோர் ரகங்களின் பெயர் எல்லாம் இலையுதிர் காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லில் தொடங்கும்: ஆட்டம் ஏஞ்சல், ஆட்டம் ராயல்டி, ஆட்டம் ட்விஸ்ட். தமிழில் எழுதினால் எல்லாமே ஆட்டம்தான்.

“அப்ப என் செடி ஏன் ஆடலை?”

டம்ளரை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு நடந்தோம்.

கிழக்குச் சுவர் ஓரம் நாலு, ஓக் மரத்தடியில் இரண்டு. ஆறும் அச்சில் வார்த்த லட்டு மாதிரி உருண்டையாக இருந்தன. யார் இப்படி வெட்டியது என்று கேட்டேன். புல் வெட்ட வருபவர்கள் போன செப்டம்பரில் மெஷின் வைத்து எல்லாவற்றையும் சீராக வெட்டிவிட்டுப் போனார்களாம். அழகாக இருக்கிறதென்று அவளும் சந்தோஷப்பட்டாளாம்.

ஏழாவது செடி எங்கே? சுவரைச் சுற்றிப் பின்னால் போனால் ஏசி பெட்டிக்கும் வேலிக்கும் நடுவே, மெஷின் நுழைய முடியாத இடுக்கில் அது நின்றது. கோணலும் மாணலுமாக வளர்ந்திருந்தது. உடம்பெல்லாம் பூ. அவள் அந்தப் பக்கம் போயே ஆறு மாதமாம்.

அதற்குமேல் நான் விளக்க என்ன இருக்கிறது? செப்டம்பரில் மெஷின் வெட்டியது கிளை நுனிகளை. நுனிகளில்தான் மொட்டு இருந்தது. ஐப்பசியில் பூக்க வேண்டியதும் சித்திரையில் பூக்க வேண்டியதும் ஒரே நாளில் குப்பைப் பைக்குப் போய்விட்டன. தப்பியது ஒன்று.

கவாத்துக்கு இந்தச் செடியில் ஒரே ஒரு சன்னல்தான் திறக்கும். வசந்தப் பூ உதிர்ந்த உடனே. ஜார்ஜியாவில் ஏப்ரல் கடைசியிலிருந்து மே முடியும்வரை. ஜூன் தாண்டினால் கத்தரியைத் தொடக் கூடாது. வருஷம் ஒரு முறை பூக்கும் செடியில் தாமதமாக வெட்டினால் ஒரு பூப்பு போகும், இதில் இரண்டும் மூன்றும் போகும். பலமுறை பூக்கிற செடி பல தப்பையும் தாங்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்குத் தெரிந்து தப்புக்கு இடம் கொடுப்பது அந்த எதிர் வீட்டுக் கிழட்டுச் செடிதான்.

வெட்டும் முறையும் மாற வேண்டும். மெஷினால் மேலாகச் சீவினால் வெளியே மட்டும் அடர்ந்து, உள்ளே வெயில் நுழையாமல் வெறும் குச்சியாகிவிடும். கவாத்துக் கத்தரியால் நீண்டு போன கிளையைத் தொடர்ந்து உள்ளே போய், அது பிரியும் இடத்தில் வெட்ட வேண்டும். தேயிலைக்குச் செய்வது போல மேசைத் தட்டு மட்டம் வேண்டாம் என்றேன். “அது பறிக்கிறவங்க கைக்கு எட்டணும்னு செய்றது அக்கா, இதுல என்ன கொழுந்தா கிள்ளப்போறோம்?” என்று அவளே சிரித்தாள். உண்மையில் ரகத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் கவாத்தே பெரிதாகத் தேவைப்படாது. ஆட்டம் ஏஞ்சல் மூன்றடியைத் தாண்டுவது அபூர்வம். ஆட்டம் ராயல்டி நாலைந்து அடி போகும். சன்னலுக்குக் கீழே வைக்கப்போவது எது என்பதை வாங்கும்போதே யோசித்துவிட வேண்டும்.

ஓக் மரத்தடிச் செடிகள் இரண்டும் வெட்டாமல் விட்டிருந்தாலும் அதிகம் பூத்திருக்காது. அசேலியா நிழல் செடி என்று தாத்தா காலத்திலிருந்து சொல்லி வருகிறார்கள். வசந்த அசேலியாவுக்கு அது ஓரளவு சரி. திரும்பப் பூக்கும் வகைக்கு அது போதாது. ஒரே வருஷத்தில் துளிர்த்து, மொட்டு கட்டி, மறுபடி பூக்கவும் வேண்டும் என்றால் அத்தனைக்கும் சாப்பாடு வேண்டாமா? தினமும் குறைந்தது நாலு மணி நேரம், கூடினால் ஆறு மணி நேர நேர்வெயில் கேட்கும். காலை வெயில் முழுக்க, மூன்று மணிக்கு மேல் சல்லடை நிழல் என்பது உத்தமம். கிழக்குச் சுவர் அதற்கு நல்ல இடம்தான்.

ஆனால் வெயிலுக்கு ஒரு விலை உண்டு. சுவரோரச் செடி ஒன்றின் இலையைப் பறித்து அவளிடம் காட்டினேன். மேல்புறம் பச்சை போய், வெள்ளைப் புள்ளி புள்ளியாக, ரவை தூவியது போல வெளுத்திருந்தது. திருப்பினால் அடியில் கறுப்பாக வார்னிஷ் சொட்டியது போலத் துளிகள். லேஸ் பக் என்கிற பூச்சியின் எச்சம் அது. ஜப்பானிலிருந்து அசேலியாவோடே வந்து சேர்ந்தது. வலைத்துணி போன்ற இறக்கையோடு ஓர் எள்ளைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். இலையின் அடியில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். முட்டையை இலை நரம்பை ஒட்டி உள்ளேயே செருகிவிடும். அது குளிரைத் தாண்டி வசந்தத்தில் பொரியும். இங்கே வருஷத்துக்கு நாலு தலைமுறைகூட ஓடும். வெயிலில் நிற்கும் செடியில்தான் இதன் தொல்லை அதிகம். பூவுக்கு வெயில் வேண்டும், வெயிலுக்குப் பூச்சி வரும். இதில் முழுத் தீர்வு கிடையாது. கண்காணிப்புதான்.

ஏப்ரலிலிருந்து வாரம் ஒரு முறை நாலு இலையைத் திருப்பிப் பார்ப்பது என் வழக்கம். இறக்கை முளைக்காத குஞ்சுகள் தெரிந்தால் குழாய்த் தண்ணீரை இலையின் அடிப்புறத்தில் வேகமாகப் பீய்ச்சினாலே பாதி போய்விடும். மீதிக்கு பூச்சிக்கான சோப்புக் கரைசல், அதுவும் அடிப்புறத்தில். மேலே தெளித்துவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்பவர்கள் நிறையப் பேர். வேரில் ஊற்றினால் செடி முழுக்க ஏறும் இமிடாகுளோபிரிட் மருந்து கடையில் கிடைக்கிறது. வேலை செய்யும், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அது பூவின் தேனுக்கும் மகரந்தத்துக்கும் போகும், தேனீக்குக் கேடு. ஒரு முறை பூக்கும் செடிக்குப் பூ உதிர்ந்தபின் ஊற்றுகிறேன் என்றாவது வாதாடலாம். மூன்று பருவமும் பூக்கிற செடிக்கு அந்த இடைவெளியே கிடையாதே. நான் வாங்குவதில்லை.

சுவரோர நாலில் கடைசிச் செடிக்கு வேறு வியாதி. இலை மஞ்சளித்து, நரம்பு மட்டும் பச்சையாகக் கோடு போட்டது போலத் தெரிந்தது. “ஊர்ல இட்லிப்பூச் செடியில இப்படித்தான் வரும்” என்றாள். சரியாகப் பிடித்துவிட்டாள். இட்லிப்பூவும் புளிப்பு மண் கேட்கும் செடி. மண் காரமாக ஆக, அதில் இரும்பு இருந்தும் வேரால் எடுத்துக்கொள்ள முடியாது. அசேலியாவுக்கு மண்ணின் பி.எச். 4.5இலிருந்து 6க்குள் இருக்க வேண்டும். தேயிலைக்கும் ஏறக்குறைய இதே கணக்கு. ஜார்ஜியாவின் செம்மண் களி இயல்பாகவே புளிப்பு, அதனால்தான் இங்கே இத்தனை அசேலியா. ஆனால் அந்தக் கடைசிச் செடி சிமெண்ட் அஸ்திவாரத்துக்கு ஓரடிகூட விடாமல் ஒட்டி நின்றது. மழையில் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து மண்ணின் புளிப்பை முறித்துவிடுகிறது. போதாக்குறைக்குப் புல்தரைக்குச் சுண்ணாம்புத் தூள் தூவுகிறார்கள், அதுவும் கழுவி வந்து சேரும்.

“புளிச்ச மோர் ஊத்தினேனே அக்கா!”

ஊற்றாமல் இருப்பாளா? குளிர்காலத்தில் வீட்டுக்குள் தூக்கி வைத்துக் குழந்தை மாதிரிப் பார்த்துக்கொள்ளும் கறிவேப்பிலைக்கு ஊற்றியது போக மிச்சத்தை இதற்கும் ஊற்றியிருக்கிறாள். கெடுதல் ஒன்றுமில்லை. ஒரு டம்ளர் மோரால் அத்தனை மண்ணின் குணம் மாறிவிடாது, அவ்வளவுதான். நாம் குடித்து முடித்த டீத்தூளும் அப்படியே. மட்க வைத்துப் போட்டால் மண் பொலபொலப்பாகும், புளிப்பு ஏறாது. புளிப்பு ஏற வேண்டுமென்றால் கந்தகத் தூள்தான். மண்ணிலுள்ள பாக்டீரியா அதை மெல்ல அமிலமாக மாற்றும், மாதக்கணக்கில் ஆகும். ஆனால் மண்ணைச் சோதிக்காமல் கந்தகம் போடுவது காய்ச்சல் பார்க்காமல் மருந்து கொடுப்பது மாதிரி. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் விரிவாக்க அலுவலகம் கவுண்டிக்கு கவுண்டி இருக்கிறது. ஒரு பை மண்ணும் சிறு கட்டணமும் கொடுத்தால் அறிக்கையே வந்துவிடும்.

அந்த மஞ்சள் செடியை லேசாக ஆட்டிப் பார்த்தேன். மொத்தமாக அசைந்தது. ஒரு வருஷமாகியும் மண்ணைப் பிடிக்கவில்லை. சுற்றிலும் கையால் பறித்துத் தூக்கினால், தொட்டியில் எந்த வடிவத்தில் வந்ததோ அதே வடிவத்தில் வேர்ப்பந்து வெளியே வந்தது. வளையம் போல வேர் சுற்றிச் சுற்றி ஓடியிருக்கிறது, வெளியே ஒரு நூல்கூட நீளவில்லை. உள்ளே தொட்டால் பொடியாக உலர்ந்து கிடந்தது, சுற்றியிருந்த களிமண் ஈரமாக இருக்கும்போதே. நாற்றங்கால் கலவை ஒரு முறை காய்ந்துவிட்டால் தண்ணீரை ஏற்காது, தாமரை இலை போல உதறிவிடும்.

அசேலியாவின் வேர் தலைமுடியைவிட மெல்லியது. மற்ற செடிகளுக்கு உள்ள வேர்த்தூவிகள்கூட இதற்குக் கிடையாது, கூட்டாளியாக வாழும் ஒரு பூஞ்சைதான் மண்ணிலிருந்து சத்தை எடுத்துக் கொடுக்கிறது. எல்லா வேரும் மேல்மண்ணில் ஓரடிக்குள் அடங்கிவிடும். இதைப் புரிந்துகொண்டால் நடும் முறை தானாக விளங்கும். வேர்ப்பந்தைச் சுற்றி நாலு இடத்தில் கத்தியால் மேலிருந்து கீழாகக் கீறி, விரலால் பிரித்துவிட வேண்டும். முதல் முறை செய்யும்போது மனசு கேட்காது. குழி ஆழமாக வேண்டாம், அகலமாக வேண்டும், பந்தைப் போல இரண்டு மூன்று மடங்கு அகலம். களிமண்ணில் ஆழக் குழி தோண்டி உரம் கலந்த நல்ல மண்ணால் நிரப்பினால், மழையில் அது தண்ணீர்த் தொட்டியாகி வேர் அழுகிவிடும். வேர்ப்பந்தின் மேல்மட்டம் தரைக்கு மேலே ஓரிரண்டு அங்குலம் தூக்கி நிற்கட்டும். புதைத்து நட்ட அசேலியா அதிக நாள் தாங்குவதில்லை.

மேலே பைன் மரத்து ஊசிச் சருகை இரண்டு மூன்று அங்குலத்துக்கு மூடாக்குப் போட வேண்டும். இந்த ஊரில் கட்டுக் கட்டாக விற்கிறார்கள். தண்டை ஒட்டி மட்டும் குவிக்கக் கூடாது. மூடாக்கு இருந்தால் களையும் வராது, களைக்கொத்து போட்டு வேரை அறுக்கும் அவசியமும் இராது.

தண்ணீர் வாரத்துக்கு ஓர் அங்குல மழை அளவு. மழை இல்லாத வாரத்தில் நாம் ஊற்ற வேண்டும். முதல் வருஷம் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, வேர்ப்பந்தின் மேலேயே ஊற்ற வேண்டும். வசந்த அசேலியா வைத்திருப்பவர்கள் ஆகஸ்டில் ஊருக்குப் போய்விட்டு வந்தால்கூடச் சமாளித்துவிடும். இதற்கு ஜூலை, ஆகஸ்ட்தான் பேறுகாலம், அப்போது காயவிட்டால் கட்டிய மொட்டு உதிர்ந்துபோகும். உரம் குறைவாகப் போதும். புளிப்பு மண் செடிகளுக்கென்று விற்கும் மெதுவாகக் கரையும் உரத்தை வசந்தப் பூ முடிந்ததும் ஒரு கை. ஆகஸ்ட் பிறந்தால் உரத்துக்கு முற்றுப்புள்ளி. அதற்குப் பின்னால் போட்டால் இளந்துளிர் விட்டுக்கொண்டே இருக்கும். நவம்பரில் முதல் பனி இறங்கும்போது அது கருகும், சமயத்தில் தண்டுப்பட்டையே பிளந்துவிடும்.

இலை ஒன்றிரண்டு பூரி மாதிரி உப்பி வெளுத்திருந்தால் பதற வேண்டாம், ஈர வசந்தத்தில் வரும் பூஞ்சை அது. வெள்ளை மாவு பூக்கும் முன் கிள்ளிக் குப்பையில் போட்டால் முடிந்தது.

பேசிக்கொண்டிருக்கும்போதே அவளுடைய சின்னப் பையன் ஏசி பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு பூவைப் பறித்து வாயருகே கொண்டுபோனான். நான் போட்ட சத்தத்தில் அவன் அழுதே விட்டான். இட்லிப்பூவின் காம்பை இழுத்துத் தேன் உறிஞ்சி வளர்ந்த ஜாதி நாம். அம்மா சொல்லிக் கொடுத்திருப்பாள். அசேலியாவில் அது கூடவே கூடாது. இலை, பூ, தேன் எல்லாவற்றிலும் கிரயனோடாக்சின் என்ற நஞ்சு உண்டு. நாய் மென்றாலும் ஆபத்து. கி.மு. 401இல் கருங்கடல் ஓரமாக ஊர் திரும்பிக்கொண்டிருந்த கிரேக்கப் படை வழியில் கிடைத்த தேனைச் சாப்பிட்டு, நிற்க முடியாமல் கூட்டமாகச் சாய்ந்ததைக் கூடவே இருந்த செனஃபோன் எழுதிவைத்திருக்கிறார். அசேலியாவின் பங்காளிச் செடிகளின் தேன் அது. நீலகிரியில் சோலைக்காட்டு ஓரங்களில் சிவப்பாகப் பூத்து நிற்கும் காட்டுப்பூவரசும் இதே ரோடோடென்ட்ரான் குடும்பம்தான் என்றதும் அவள் ஒரு நிமிஷம் பேசவில்லை. பள்ளிக்கூடம் போகும் வழியில் பார்த்த மரமாம்.

கிளம்பும்போது ஏசிப் பெட்டிச் செடியைக் காட்டி, “இதுல ஒரு குச்சி ஒடிச்சுத் தரட்டுமா அக்கா?” என்றாள். நம் ஊர் மரியாதை. ஆனால் இந்த ரகங்களுக்குக் காப்புரிமை உண்டு. அமெரிக்காவில் செடிக்குக் காப்புரிமை கொடுக்கும் சட்டம் 1930இலேயே வந்துவிட்டது. விண்ணப்பித்த நாளிலிருந்து இருபது ஆண்டுகள் பதியன் போடவோ குச்சி வெட்டி வேர்பிடிக்க வைக்கவோ அனுமதி வேண்டும். முதலில் வந்த ரகங்களுக்குக் கெடு முடிந்துவிட்டது. அவளுடையது எந்த ரகம் என்று அட்டையைப் பார்த்தால், அது புதுசு. போலீஸ் வராது, இருந்தாலும் வேண்டாம் என்றேன்.

இன்னொன்றையும் அன்றே சொல்லிவைத்தேன். அட்டையில் மூன்று பருவம் என்று அச்சிட்டிருப்பது பொய் இல்லை, ஆனால் மூன்றும் சமம் என்று எடுத்துக்கொண்டால் ஏமாற்றம்தான். வசந்தத்தில் பூப்பது கல்யாணச் சாப்பாடு. இலையுதிர் காலத்தில் வருவது மறுவீட்டு விருந்து. நடுவில் கோடையில் ஒன்றிரண்டு பூ, வெயிலில் சீக்கிரம் வாடிவிடும், காப்பி பலகாரம் மாதிரி.

மே மாதம் நாலு சுவரோரச் செடிகளையும் கத்தரியால் திருத்தினோம். மஞ்சளித்ததைச் சுவரை விட்டு மூன்றடி தள்ளி, வேரைக் கீறி, உயர்த்தி நட்டோம். புல் வெட்டுகிறவர்கள் செப்டம்பரில் வந்தபோது அவள் செடிகளைச் சுற்றித் தோட்ட நாற்காலிகளைப் போட்டுவிட்டு வாசலிலேயே நின்றாளாம்.

நவராத்திரி ஐந்தாம் நாள் கொலுவுக்குக் கூப்பிட வந்தவள் கையில் எவர்சில்வர் கிண்ணம். வெள்ளையில் கத்தரிப்பூக் கோடு போட்ட பூக்கள், எண்ணிப் பார்த்தால் பதினொன்று. “ஓக் மரத்தடி ரெண்டு மட்டும் இன்னும் பூக்கலை அக்கா” என்றாள். நவம்பரில் பிடுங்கி வெயிலுக்கு மாற்றிவிடலாம், வேர் மேலாகத்தான் இருக்கும், அகலமாகத் தோண்டினால் முழுசாக வந்துவிடும், மண்வெட்டியோடு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.